மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் நிபோங் தெபால், சிம்பாங் அம்பாட் பக்கம் போனால் செம்பனைக் குலை இழுக்கும் பழைய மாஸி பெர்குசன் 135-ஐ இன்றும் பார்க்கலாம். அதில் இருக்கும் இன்ஜின் பெர்கின்ஸ் ஏடி3.152. அதே இன்ஜினை வேறு உடம்பிலும் பார்த்திருப்பீர்கள்: வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப், வெல்டிங் செட், சாலை வேலைக்கு வரும் கம்பிரசர், திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஜெனரேட்டர். மூன்று சிலிண்டர், 91.4 மில்லிமீட்டர் துளை, 127 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இரண்டரை லிட்டர். 152 என்பது கன அங்குலக் கணக்கு. 1959-இல் மாஸி பெர்குசன் நிறுவனம் பெர்கின்ஸை வாங்கியது. அதுவரை மாஸி பெர்குசன் 35 டிராக்டரில் இருந்த நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் டீசல் குளிரில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்குப் பேர்போனது. அதன் இடத்துக்கு இந்த மூன்று சிலிண்டர் வந்தது.

சரியாகப் பார்த்துக்கொண்டால் இது சாகாத இன்ஜின். பினாங்கில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை டீசலும் காற்றும் தண்ணீரும் செய்த வேலைதான். இன்ஜினின் உள் உறுப்பு கெட்டுப் போனது குறைவு. ஆனாலும் ஆட்கள் முதலில் கை வைப்பது ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தில்.

“அண்ணே, காலையில இருந்து ஸ்டார்ட் ஆகல, ஹெட்ட கழட்டிடலாமா?”

“தம்பி, முதல்ல பில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவ லூஸ் பண்ணு. என்ன வருதுன்னு பாத்துட்டுச் சொல்லு.”

பத்தில் ஏழெட்டு அழைப்புகள் அங்கேயே முடிந்துவிடும்.

தொடங்கும் முன்

உங்கள் இன்ஜின் எந்த உடம்பில் பூட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். டிராக்டரில் டீசல் டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கிறது. குழாயில் எங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே கசிந்து ஈரம் காட்டும். ஜெனரேட்டரில் டேங்க் பெரும்பாலும் அடித்தட்டில், இன்ஜினுக்குக் கீழே. அங்கே அதே ஓட்டை காற்றை உள்ளே இழுக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஒரே பழுதுதான், ஆனால் டிராக்டரில் கண்ணால் பார்த்துவிடலாம், ஜெனரேட்டரில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது நம் ஊர் வெயில். இந்த இன்ஜினின் கையேடு குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்டது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தெர்மோஸ்டார்ட்டைப் பார் என்று அது சொல்லும். உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்க, அந்தக் காற்று வரும் மேனிபோல்டில் டீசலைச் சொட்டவிட்டு எரிக்கும் கருவி அது. முப்பது டிகிரி வெயிலில் அது தேவையே இல்லை. நல்ல நிலையில் உள்ள 3.152 இங்கே ஒன்றிரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடிக்கவில்லை என்றால் குளிர்மேல் பழி போட வழியில்லை. காற்று, டீசல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்), சுற்றும் வேகம், இந்த நான்கில் ஒன்றில்தான் குறை.

ஒரு எச்சரிக்கை. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் குழாயை லூஸ் செய்யும்போது பீச்சும் டீசலின் எதிரில் கையையோ முகத்தையோ வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் விரலே போய்விடும்.

ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை

135-இல் ஹை-லோ கியர் லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். லீவரை ஆட்டி நியூட்ரலில் சரியாக உட்கார வையுங்கள். அப்புறம் அந்த சேஃப்டி ஸ்விட்சின் வயரைப் பாருங்கள். அந்த ஸ்விட்சை நேர் வயர் போட்டுத் தாண்டி விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கியரில் நிற்கும் டிராக்டர் ஸ்டார்ட் ஆகி, பக்கத்தில் நிற்பவர் மேல் பின்சக்கரம் ஏறுவது இப்படித்தான்.

சுற்றுகிறது, ஆனால் சோம்பலாகச் சுற்றுகிறது

புது பேட்டரி வாங்குவதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள். கடற்கரை ஓரக் காற்றில் அது பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக் கிராங்க் செய்யுங்கள், அதாவது ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றவிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரையும் போல்ட் உட்காரும் இடத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய சாம்பல் நிற டிஇ20 ஃபெர்குசன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது பாசிட்டிவ் எர்த் வண்டி. பேட்டரி மாற்றும்போது யோசித்துப் பூட்டுங்கள்.

வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, புகையும் இல்லை

புகை இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. ஸ்டாப் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துருப்பிடித்த கேபிள் பாதியில் நின்றுவிடும், கைப்பிடி மட்டும் உள்ளே போனது போலத் தெரியும்.

அது சரி என்றால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். வரிசை முக்கியம். டீசல் பில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவை லூஸ் செய்து, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிப்ட் பம்பின் கை லீவரை அடியுங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடித்துவிட்டு இறுக்குங்கள். லீவர் தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அடுத்தது இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் சிஏவி டிபிஏ பம்பில் உள்ள இரண்டு ஸ்க்ரூக்கள்: உடம்பில் கீழே இருப்பது முதலில், மேலே கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) மூடியில் இருப்பது பிறகு. கடைசியாகத் த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, இன்ஜெக்டர் பக்க நட்டுகளை லூஸ் செய்து, மூன்றிலும் டீசல் துப்பும்வரை கிராங்க் செய்யுங்கள். இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு நாளில் மறுபடி காற்று பிடித்தால் நீங்கள் தேட வேண்டியது காற்று நுழையும் வழியை. ஜெனரேட்டரில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது வீண், ஓட்டை உள்பக்கமாக அல்லவா இழுக்கிறது. லிப்ட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பூட்டுங்கள். குமிழி ஓடினால் ஓட்டை டேங்க் பக்கம். குமிழி இல்லை என்றால் பம்ப் பக்கம்.

நம் ஊரில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி ஒன்று உண்டு. தெர்மோஸ்டார்ட் தேவையில்லை என்று யாரோ அதைக் கழற்றியிருப்பார்கள். கழற்றியது தவறில்லை. ஆனால் அதற்கு டீசல் போகும் மெல்லிய குழாயின் நுனியைக் குறட்டால் நசுக்கி அப்படியே விட்டிருப்பார்கள். ராத்திரியெல்லாம் அந்த நசுங்கிய நுனி வழியாகக் காற்று ஏறி டீசல் கீழே இறங்கிவிடும். அந்தக் குழாயையே எடுத்துவிட்டு, அது கிளம்பும் இடத்தில் செப்பு வாஷரோடு ஒரு அடைப்பு போல்ட் போடுங்கள். தினமும் காலையில் முரண்டு பிடித்த ஜெனரேட்டர்கள் இந்த ஒரு போல்ட்டில் சரியானதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட் ஆக வைக்கக் காற்று வழியில் அடிக்கும் ஈத்தர் ஸ்பிரே பற்றிக் கேட்பீர்கள். என் ஒர்க்‌ஷாப்பில் அதற்கு இடமில்லை. தெர்மோஸ்டார்ட் சூடாக இருக்கும்போது அடித்தால் மேனிபோல்டிலேயே வெடிக்கும். அது இல்லாத இன்ஜினிலும், நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும். பினாங்கு வெயிலில் ஈத்தர் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினுக்குத் தேவை வைத்தியம்.

காலையில் உடனே பிடிக்கிறது, சூடாக நிறுத்தினால் மறுபடி பிடிப்பதில்லை

இந்த ஒரு அறிகுறி பலரைச் சுற்றலில் விட்டிருக்கிறது. ஸ்டார்ட்டர் மாற்றுவார்கள், இன்ஜெக்டர் மாற்றுவார்கள், கடைசியில் இன்ஜினை விற்றே விடுவார்கள். கோளாறு டிபிஏ பம்பின் தலையில் இருக்கும் ரோட்டரில். அந்தப் பம்புக்கு எண்ணெயும் டீசல்தான், உயவுக்கு வேறு எதுவும் கிடையாது. தண்ணீர் கலந்த டீசல் ஓடி ஓடி ரோட்டரும் அது சுழலும் துளையும் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கும். குளிர்ந்த டீசல் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் நிற்கும். சூடான டீசல் இளகி அந்த இடைவெளி வழியாக நழுவிவிடும். கிராங்க் செய்யும் மெதுவான வேகத்தில் இன்ஜெக்டரைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் சேராது.

சோதிப்பது எளிது. ஈரத் துணியைப் பம்பின் மேல் போர்த்தி, துணி சூடாக ஆக மறுபடி நனைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கிராங்க் செய்யுங்கள். உடனே பிடித்தால் பழுது உறுதி. சூடான பம்பில் வாளித் தண்ணீரைச் சடாரென ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கும் பொருத்தம் மிக நுணுக்கமானது. உறுதியானால் பம்பை டீசல் பம்ப் சோதனை மேசை உள்ள கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டில் பிரித்துப் பூட்டும் பொருள் அல்ல அது.

அதே பம்பைப் பற்றி இன்னொன்று. மூன்று சிலிண்டருக்கும் டீசலை அழுத்துவது ஒரே ஜோடி பிளஞ்சர்தான் (டீசலைத் தள்ளும் சிறு தண்டுகள்). ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை என்றால் பம்பின் பிளஞ்சர்மேல் சந்தேகப்படத் தேவையில்லை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்யுங்கள். எதை லூஸ் செய்தால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. அதன் இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள், செப்பு வாஷர் புதிது. கோளாறு இன்ஜெக்டரோடு நகர்ந்தால் அதைச் சோதனைக்குக் கொடுங்கள். நகராமல் அங்கேயே நின்றால் வால்வுக்கு விடும் டாப்பெட் இடைவெளியைப் பாருங்கள்: குளிர்ந்த இன்ஜினில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். பற்றும் வரிசை 1-2-3. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திப் பார்த்துவிட்டு, கிராங்கை மூன்றில் இரண்டு பங்கு சுற்று சுற்றினால் அடுத்தது உச்சிக்கு வரும். டாப்பெட்டும் சரி என்றால் மட்டுமே கம்ப்ரஷன் கேஜ், ஹெட், வால்வு என்று போக வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சோர்ந்து நிற்கிறது

பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி ஓடும். டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளை சேற்றால் அடைத்திருக்கும். நிற்கப் போகும் நேரத்தில் மூடியைத் திறந்துவிடுங்கள், உயிர் வந்தால் அதுவேதான். இல்லை என்றால் டேங்க் வாயிலில் சேர்ந்த கசடு, லிப்ட் பம்பின் சல்லடை, பில்டர் என்று வரிசையாகப் பாருங்கள்.

இங்கே நம் டீசலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது, பி7, பி10 என்று போட்டிருப்பது அதன் சதவிகிதம். பயோடீசல் பழைய டேங்கில் ஒட்டியிருக்கும் கறையைக் கரைத்துக் கொண்டுவரும், சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊத வைக்கும். வெளியே நன்றாகத் தெரியும் குழாய் உள்ளே வீங்கித் துளை சுருங்கியிருக்கும். அதிகம் ஓடாத இன்ஜின் என்றால் டேங்கை நிரப்பியே வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் வேர்க்கும். மழைக்காலத்தில் பில்டர் அடியில் உள்ள தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். பம்பைக் காப்பாற்ற இதைவிட மலிவான வேலை கிடையாது.

ஜெனரேட்டர் ஏறி இறங்கி ஓடுகிறது

விளக்கு மங்கி மங்கிப் பிரகாசிக்கும், இன்ஜின் மூச்சு வாங்குவது போல் கேட்கும். முதலில் காற்று, மேலே சொன்ன வழிதான். அடுத்தது பம்பில் அளவு பார்த்து டீசல் விடும் மீட்டரிங் வால்வு. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற இன்ஜினில் பழைய டீசல் பிசினாகி அது ஒட்டிக்கொள்ளும். கவர்னர் லிங்க் தேய்ந்து ஆட்டம் கண்டாலும் இதே சத்தம்தான். 50 ஹெர்ட்ஸுக்கு நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 1500 ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும். மெக்கானிக்கல் கவர்னர் என்பதால் லோடு இல்லாதபோது கொஞ்சம் கூடுதலாக, 52 ஹெர்ட்ஸ் பக்கம் காட்டுவது இயல்பு. அதைப் பழுது என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகினால் லோடு ஏறும்போது 50-க்குக் கீழே போய்விடும்.

இதோடு சேர்ந்த சங்கடம் ஒன்று: டிராக்டர் இன்ஜின் போய்விட்டது என்று பழைய ஜெனரேட்டர் இன்ஜினை வாங்கிப் பூட்டுகிறார்கள், அப்புறம் இழுவை இல்லை என்று வருகிறார்கள். 135-இன் இன்ஜின் 2250 ஆர்பிஎம்வரை போக வேண்டியது. ஜெனரேட்டர் பம்ப் 1500-இலேயே கட்டிப் போடப்பட்டது. பம்பை மாற்ற வேண்டும், அல்லது கடையில் கொடுத்துத் திருத்த வேண்டும். இன்ஜின் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியான சம்பும் வேறு. டிராக்டருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, முன்அச்சின் பாரத்தை வார்ப்பிரும்புச் சம்பும் சேர்ந்துதான் தாங்குகிறது. தகட்டுச் சம்பை அங்கே வைக்க முடியாது. வாங்கும் முன் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணையும் படியுங்கள். ஆரம்பகால 3.152-இல் டீசல் தனி அறைக்குள் பீச்சும், ஏடி3.152-இல் நேராகப் பிஸ்டன் மேலேயே. ஹெட், பிஸ்டன், இன்ஜெக்டர் மூன்றுமே ஒன்றுக்கொன்று சேராது.

புகையின் நிறம்

கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள், அடியில் களிமண் போல இறுகியிருக்கும். அது சுத்தம் என்றால் இன்ஜெக்டர் நுனி. வெள்ளைப் புகை கண்ணை எரித்தால் எரியாத டீசல், அதாவது கம்ப்ரஷன் குறைவு அல்லது பம்ப் டைமிங். கண் எரியாத வெள்ளைப் புகையும், ரேடியேட்டரில் குமிழியும், தண்ணீர் குறைவதும் சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட். நீலம் என்றால் எண்ணெய். நேற்றுத்தான் சர்வீஸ் செய்த இன்ஜினில் நீலம் வந்தால் ஏர் கிளீனர் தொட்டியில் கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள், ரிங்கைக் குறை சொல்லாதீர்கள்.

ஜெனரேட்டரின் சைலன்சரில் கரிய எண்ணெய் வழிந்தால் இரண்டு விளக்குக்காக மணிக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். லோடே இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சூடேறாது, சிலிண்டரின் உள்சுவரான லைனர் கண்ணாடி போல வழவழப்பாகி எண்ணெய் மேலே ஏறும். நல்ல லோடு கொடுத்துச் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஆரம்ப நிலையில் சரியாகும்.

சூடேறுகிறது

டிராக்டரில் ரேடியேட்டர் முகத்தை லாலாங் புல்லின் பஞ்சும் செம்பனை நாரும் மூடியிருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தண்ணீர் பீச்சுங்கள், அழுத்தம் கூடினால் தகடுகள் மடிந்துவிடும். பேன் பெல்ட்டைப் பாருங்கள், பேனைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் பாதிக்கூட வராது. கூண்டுக்குள் இருக்கும் ஜெனரேட்டரில் வெளியே தள்ளிய சூடான காற்று சுவரில் மோதி மறுபடி உள்ளே வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் வால்வு, தெர்மோஸ்டார்ட் அல்ல) எதற்கு என்று கழற்றிப் போடுவது கெட்ட பழக்கம். கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள், திறக்கவில்லை என்றால் புதிது மாட்டுங்கள்.

எண்ணெய் அளவு கூடுகிறது

எண்ணெய் குறைந்தால் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், கூடினால் யாரும் படுவதில்லை. குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாசனை வந்தால் லிப்ட் பம்பின் டயப்ரம் என்ற சவ்வு கிழிந்து டீசல் சம்புக்குள் இறங்குகிறது, அல்லது டைமிங் பெட்டியோடு சேர்ந்த டீசல் பம்பின் சீல் போயிருக்கிறது. அந்த நீர்த்த எண்ணெயோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். பழுதைச் சரிசெய்து, எண்ணெயையும் பில்டரையும் மாற்றுங்கள். சூடான இன்ஜின் வேலை வேகத்தில் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் 30 முதல் 60 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும்.

நிறுத்தினாலும் நிற்கவில்லை

ஸ்டாப் கேபிளை இழுத்தும் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால் கேபிள் நீளம், அல்லது ஒட்டிக்கொண்ட மீட்டரிங் வால்வு. பம்பில் உள்ள ஸ்டாப் லீவரையே கையால் தள்ளிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டேங்க் டேப்பை மூடுங்கள், சில நிமிடத்தில் நின்றுவிடும்.

கட்டுக்கடங்காமல் வேகம் ஏறிக்கொண்டே போனால் கதை வேறு. அப்போது இன்ஜின் டீசலைத் தின்னவில்லை, தன் எண்ணெயையே தின்கிறது. டேங்க் டேப்பை மூடிப் பயனில்லை. காற்றை நிறுத்த வேண்டும். ஏர் கிளீனர் வாயை அகலமான பலகையால் அழுத்தி மூடுங்கள். கையாலோ துணியாலோ வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். மூட முடியவில்லை என்றால் எல்லோரும் தள்ளிப் போய்விடுங்கள். நின்ற பிறகு ஏர் கிளீனர் தொட்டியின் எண்ணெய், சம்பின் எண்ணெய் அளவு, அதில் டீசல் வாசனை ஆகிய மூன்றையும் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.